மழைக்கு ஓர் இடம் வேண்டும்

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள். தாம்பரத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரை புரண்டது. முடிச்சூரிலும் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் தெருக்களில் படகுகள் சென்றன. விமான நிலையம் நீரில் மூழ்கியதால் பல நாட்கள் மூடப்பட்டது.

2019ஆம் ஆண்டு ஜூலை 12. அதே சென்னை நகரம். 200 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஜோலார்பேட்டையிலிருந்து குடிநீரை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் இருந்தது. பெரிய அளவு என்று தோன்றுகிறதல்லவா? நகரத்து மக்கள் அனைவருக்கும் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு அரை லிட்டர்கூட வராது!

நான்கு ஆண்டுகளுக்குள் ஒரு நகரம் தண்ணீரில் மூழ்கவும் செய்தது. தண்ணீர் இல்லாமல் தவிக்கவும் செய்தது. 2018இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உண்மைதான். ஆனால் மழை ஒரு வருடம் கூடுவதும் மறு வருடம் குறைவதும் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. அதற்கு மேலும் ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும். அது என்ன என்பதை நாம் ஒரு சிறு கணக்கின் மூலம் காண்போம். மாணவர்களே, பென்சிலையும் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வானம் தருவது எவ்வளவு?

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மீதியெல்லாம் பெருக்கல்தான்.

சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். ஆகவே ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஆண்டுக்கு 1,400 லிட்டர் கிடைக்கிறது. 2011இல் விரிவாக்கப்பட்டபின் மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அதாவது 42 கோடியே 60 லட்சம் சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 60,000 கோடி லிட்டர் வரும்.

இது எவ்வளவு பெரிய தொகை? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் நகருக்கு நீர் தரும் பெரிய ஏரிகள். இவை நான்கும் நிரம்பி வழியும்போது கொள்ளும் தண்ணீர் சுமார் 11 டி.எம்.சி., அதாவது சுமார் 32,000 கோடி லிட்டர். நகர எல்லைக்குள், நம் தலைமீதே விழும் மழை இதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு!

இதில் முழுவதையும் பிடித்து வைக்க முடியாது. ஒரு பகுதி ஆவியாகும். ஒரு பகுதி ஓடித்தான் தீரும். மூன்றில் ஒரு பங்கைத்தான் பிடிக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நாள் ஒன்றுக்கு 54 கோடி லிட்டர் ஆகிறது. நகருக்கு இன்று குழாய்களிலும் லாரிகளிலும் வழங்கப்படும் நீர் நாளொன்றுக்குச் சுமார் 100 கோடி லிட்டர். அதில் பாதிக்கு மேல் நம் கூரைகளிலும் தெருக்களிலுமே விழுகிறது.

அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

தரை மாறினால் கணக்கும் மாறும்

ஒரு ஹெக்டேர் நிலத்தை எண்ணிக்கொள்ளுங்கள். 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். அதில் ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. விழுந்த நீர் 5 லட்சம் லிட்டர்.

அந்த நிலம் புல்லும் மரமும் நிறைந்த மண் தரையாக இருந்தால் நீரில் பெரும்பகுதியை மண் உறிஞ்சிக்கொள்ளும். ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு லட்சம் லிட்டர், வெளியே ஓடும். அதே நிலத்தில் வீடுகள் எழும்பி, சிமெண்டுத் தரையும் தார்ச்சாலையும் போடப்பட்ட பிறகு அதே மழை பெய்தால் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது நாலரை லட்சம் லிட்டர், ஓடிவரும். வானம் ஒரு சொட்டுகூட அதிகம் தரவில்லை. ஆனால் தெருக்கோடியில் இருக்கும் கால்வாய்க்கு வருவது நான்கரை மடங்கு நீர். கால்வாய் மட்டும் பழைய அகலத்திலேயே இருக்கிறது. வெள்ளம் வராமல் என்ன செய்யும்?

இப்போது மண்ணுக்குள் நடப்பதைக் கவனியுங்கள். முன்பு நாலு லட்சம் லிட்டரை உறிஞ்சிய நிலம் இப்போது ஐம்பதாயிரம் லிட்டருக்கும் குறைவாகவே பெறுகிறது. கோடையில் கிணறு வற்றுவதற்கான காரணம் மழைக்காலத்திலேயே பிறந்துவிட்டது!

ஆகவே வெள்ளமும் பஞ்சமும் இரண்டு வேறு பிரச்சினைகள் அல்ல. ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். வெள்ளத்துக்கு ஒரு துறை, பஞ்சத்துக்கு ஒரு துறை என்று தனித்தனியே வைத்தியம் பார்ப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. இதுவே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் கருத்து.

முன்னோர் செய்த ஏற்பாடு

சென்னையைச் சுற்றியுள்ள நாடு ஏரிகளின் நாடு. இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழையின் பெரும்பகுதி மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே நம் முன்னோர் சரிவான இடங்களில் கரை கட்டி மழையை நிறுத்தினார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து வாய்க்காலில் இறங்கிக் கீழ் ஏரிக்குச் செல்லும். அது நிரம்பினால் அடுத்தது. கடைசியில் எஞ்சியது சதுப்பு நிலத்தில் பரவி, மெல்லக் கடலைச் சேரும். சங்கிலிபோல் கோத்த இந்த அமைப்பு வெள்ளத்தையும் தணித்தது, கிணறுகளையும் காத்தது. ஒரே ஏற்பாடு இரண்டு வேலைகளைச் செய்தது!

நகரம் வளர்ந்தபோது இந்தச் சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. மயிலாப்பூர் ஏரி, நுங்கம்பாக்கம் ஏரி என்ற பெரிய நீர்ப்பரப்புகள் ஒரு காலத்தில் நகரின் மேற்கு எல்லையில் நீண்டு கிடந்தன. 1920களில் மயிலாப்பூர் ஏரியின் இடத்தில் தியாகராய நகர் உருவாயிற்று. 1976இல் எழுந்த வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியின் நிலத்தில்தான். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு என்றொரு சாலை உண்டு. ஏரியைத்தான் காணோம்! பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்ற ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். தாங்கல் என்றால் சிறிய ஏரி. பெயர் நிலைத்தது, நீர் நிலைக்கவில்லை.

நகரின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. வேளச்சேரி, கீழ்க்கட்டளை, நாராயணபுரம் முதலிய பல ஏரிகளின் உபரி நீர் அங்கேதான் வந்து சேர்கிறது. பிறகு ஒக்கியம் மடுவு வழியாக, பக்கிங்காம் கால்வாய் மூலம் கோவளம் அருகே கடலை அடைகிறது. ஒரு பெரிய பஞ்சைப்போல் வெள்ளத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக வெளியேற்றும் இயற்கைச் சாதனம் அது. அதன் ஒரு பகுதியில் நகரம் பல்லாண்டுகளாகக் குப்பையைக் கொட்டியது. மற்றும் பல பகுதிகளில் சாலைகளும் கட்டடங்களும் வந்தன. 2022இல் அது ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் காக்கப்பட்டது பழைய பரப்பின் ஒரு சிறு பகுதிதான்.

இது சென்னைக்கு மட்டும் உரிய கதையன்று. பெங்களூரின் மத்திய பேருந்து நிலையம் இருப்பது தர்மாம்புதி ஏரியின் இடத்தில். அங்குள்ள கண்டீரவா விளையாட்டரங்கம் இருப்பது சம்பங்கி ஏரியின் இடத்தில். வளரும் நகரங்கள் எல்லாம் ஏரியைக் காலி மனை என்றே எண்ணிவந்திருக்கின்றன. கோடையில் வறண்டு கிடக்கும் ஏரியைப் பார்ப்பவருக்கு அது வீணாகக் கிடக்கும் நிலமாகத் தோன்றும். ஆனால் அது வேலை செய்யும் காலம் ஐப்பசியும் கார்த்திகையும் அல்லவா? கோடையில் மடித்து வைத்திருக்கும் குடையை, பயனற்றது என்று யாரேனும் விற்றுவிடுவார்களா?

தொலைவிலிருந்து கொண்டுவந்தால் போதாதா?

"நீர் போதவில்லையென்றால் வேறிடத்திலிருந்து கொண்டுவரலாமே" என்று சிலர் கூறலாம். கொண்டுவந்துதான் இருக்கிறோம். 1996இல் கிருஷ்ணா நீர் வந்தது. 2004இல் வீராணம் ஏரியிலிருந்து குழாயில் நீர் வந்தது. 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. இவை இல்லாவிட்டால் நகரின் நிலை மிகவும் மோசமாயிருக்கும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் விலை உண்டு. ஆற்று நீரைப் பங்கு கேட்டால் உழவர்களின் வயல்களும் அதே நீரை எதிர்பார்த்து நிற்கின்றன. ஆற்றில் மழை பொய்த்த ஆண்டில் அங்கிருந்தும் நீர் குறைகிறது. கடல் நீரிலிருந்து உப்பைப் பிரிக்க, மிக அதிக அழுத்தத்தில் அதை மெல்லிய சவ்வின் வழியே செலுத்த வேண்டும். ஆயிரம் லிட்டர் நன்னீர் பெற 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகிறது. கூரையில் விழும் நீரோ உப்பில்லாமலும் மின்சாரக் கட்டணம் இல்லாமலும் வருகிறது!

நிலத்தடி நீரை மேலும் மேலும் இறைக்கலாமா? கடலோர நகரத்தில் அதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. கடல் நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆகவே கடற்கரை மணலின் அடியில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் இருந்தால், அதன் எடை கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரை அழுத்தி வைக்கும். மேலே ஒரு மீட்டர் குறைந்து அப்படியே நீடித்தால், கீழே உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் ஏறிவரும். நகரின் வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல் நீர் நிலத்துக்குள் பல கிலோமீட்டர் புகுந்துவிட்டது. உப்பான கிணற்றை மீண்டும் நன்னீர்க் கிணறாக்குவது எளிதன்று.

என்ன செய்யலாம்?

முதலாவது, வீடு. 2003இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அடுத்து வந்த நல்ல மழையில் சென்னையின் பல பகுதிகளில் கிணற்று நீர்மட்டம் உயர்ந்தது. 100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 1,40,000 லிட்டர் மழை விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,12,000 லிட்டர் மிஞ்சும். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தேவை என்பது அரசின் கணக்கு. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது 200 நாட்களுக்கு மேல் போதும். ஆனால் சட்டத்துக்குப் பயந்து அமைத்த குழாயும் குழியும் பல வீடுகளில் மண்மூடிக் கிடக்கின்றன. ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் தூர் வாராத குழி இருந்தும் இல்லாததே.

இரண்டாவது, தெரு. வெள்ளம் வந்தவுடன் நாம் கேட்பது பெரிய மழைநீர் வடிகால்களைத்தான். தாழ்வான இடங்களுக்கு அவை அவசியமே. ஆனால் எல்லா நீரையும் விரைவாகக் கடலுக்கு விரட்டுவதே நோக்கமானால், ஐப்பசியில் விரட்டிய நீருக்குச் சித்திரையில் ஏங்க வேண்டியிருக்கும். அன்றியும் சென்னை மிகவும் தட்டையான நகரம். கடல் மட்டத்தைவிடச் சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. புயல் நேரத்தில் கடல் மட்டம் உயரும்போது, முகத்துவாரங்களில் ஆற்று நீர் எளிதில் வெளியேறுவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இது நேர்ந்தது. ஆகவே கடல் ஏற்றுக்கொள்ளும் வரை நீர் காத்திருக்க ஓர் இடம் நகருக்குள்ளேயே வேண்டும்.

அதற்கு இடம் எங்கே என்கிறீர்களா? நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரம் பெரும்பாலும் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கே 2013இல் பெந்தம்பிளெய்ன் என்ற சதுக்கத்தை அமைத்தார்கள். சாதாரண நாட்களில் அது பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானம், சுற்றிலும் படிக்கட்டுகள். பெருமழை பெய்தால் சுற்றுப்புறக் கூரைகளின் நீர் அந்தப் பள்ளத்தில் வந்து நிற்கும். சுமார் 17 லட்சம் லிட்டர் கொள்ளும். மழை விட்டபின் நீர் மெல்ல வடிந்துவிடும்; மறுபடியும் ஆட்டம் தொடங்கும். படிக்கட்டு, பள்ளம், வரத்து வாய்க்கால்! நம் கோயில் தெப்பக்குளங்கள் இதே தத்துவத்தில் அமைந்தவைதாம். நம் பூங்காக்களையும் மைதானங்களையும் தெருவைவிட ஒரு முழம் தாழ்வாக அமைத்தால் என்ன?

மூன்றாவது, ஏரி. ஏரியை ஆழப்படுத்திக் கரையில் நடைபாதை போடுவது நல்லதுதான். ஆனால் வரத்து வாய்க்கால் அடைபட்டிருந்தால் அந்த ஏரி வெறும் பள்ளமே. முதலில் வாய்க்காலைத் திறக்க வேண்டும். ஏரியோடு ஏரியை மீண்டும் இணைக்க வேண்டும். சாக்கடை அதில் கலக்காமல் தடுக்க வேண்டும்.

நான்காவது, பயன்படுத்திய நீர். சென்னையில் 2019 முதல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மிக நுட்பமாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு வழங்குகிறார்கள். ஒவ்வொரு நிலையமும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரவல்லது. ஆலைக்குச் சென்ற ஒவ்வொரு லிட்டரும் வீடுகளுக்கு ஒரு லிட்டரை மிச்சப்படுத்துகிறது.

ஐந்தாவதும் மிக முக்கியமானதும், புதிய கட்டடங்களுக்கு ஒரு விதி. எந்த மனையும், வெறும் மண்ணாக இருந்தபோது வெளியேற்றிய நீரைவிட அதிகமாகத் தெருவுக்கு அனுப்பக்கூடாது. சேர்த்துவைக்கும் தொட்டி, உறிஞ்சும் கிணறு, திறந்த மண் பரப்பு ஆகிய எதனால் வேண்டுமானாலும் இதைச் சாதிக்கலாம். ஆனால் கணக்கைக் காட்டிய பிறகே கட்ட அனுமதி தர வேண்டும்.

மக்கள் எங்கே வாழ்வது?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பிழைப்புத் தேடி நகருக்கு வரும் மக்களுக்கு வீடு வேண்டாமா? ஏரியும் சதுப்பும் முக்கியம் என்றால் மனிதர் முக்கியமில்லையா?

மனிதர் முக்கியம் என்பதால்தான் இதைச் சொல்கிறோம். வெள்ளம் வரும்போது முதலில் அல்லல்படுபவர் தாழ்ந்த நிலத்தில் குடியிருக்கும் ஏழைகளே. தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரியின் பின்னே குடத்தோடு ஓடுபவரும் அவர்களே. கூவம், அடையாறு கரைகளிலிருந்து பல ஆயிரம் குடும்பங்கள் அகற்றப்பட்டு, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் குடியமர்த்தப்பட்டன. இவை இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்ந்த பகுதியில்! மழைக்காலத்தில் அங்கும் நீர் சூழ்கிறது. வேலை செய்யும் இடமோ பல கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்விட்டது. குடிசையை ஆக்கிரமிப்பு என்று கூறி அகற்றும் அதே நகரத்தில், ஏரிக்குள் எழுந்த பெரிய கட்டடங்கள் அசையாமல் நிற்கின்றன. இது விஞ்ஞானமும் அன்று, நீதியும் அன்று. வேலைக்கு அருகில், மேட்டு நிலத்தில், மாடி வீடுகளாகக் கட்டினால் குறைந்த பரப்பில் அதிகம் பேர் வாழலாம். தாழ்ந்த நிலத்தை நீருக்கு விட்டுவிடலாம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டினால் எந்த உறிஞ்சு கிணறும் அதை முழுவதும் தாங்காது. வளிமண்டலம் சூடேறச் சூடேற அது ஏந்தும் நீராவியும் கூடுகிறது. ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் நூற்றுக்கு ஏழு பங்கு வீதம் கூடும். ஆகவே கனமழை இனி இன்னும் கடுமையாகலாம். ஏரிகளும் சதுப்பும் மண் தரையும் வெள்ளத்தை அடியோடு ஒழித்துவிடா. ஆனால் கழுத்தளவு வெள்ளத்தை அவை முழங்காலளவாகக் குறைக்கக்கூடும். உயிர் பிழைக்க அந்த வேறுபாடு போதும்.

உங்கள் பங்கு

மாணவர்களே, நீங்கள் சென்னையில் வாழாமல் மதுரையிலோ கோவையிலோ ஒரு சிறு நகரிலோ வாழலாம். உங்கள் ஊரும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. சென்னை தவறவிட்டதை உங்கள் ஊர் இன்னும் தவறவிடாமல் இருக்கலாம்.

ஒரு நேரான சுவருள்ள தகர டப்பாவைத் திறந்த வெளியில் வையுங்கள். மழை விட்டதும் அளவுகோலால் நீரின் உயரத்தை அளந்து எழுதுங்கள். உங்கள் பள்ளிக் கூரையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, எத்தனை லிட்டர் விழுந்தது என்று கணக்கிடுங்கள். அந்த நீர் எந்தக் குழாயில் இறங்கி எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து செல்லுங்கள். பள்ளியில் மழைநீர்க் குழி இருக்கிறதா, கடைசியாக எப்போது தூர் வாரப்பட்டது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். உங்கள் ஊரில் ஏரி, குளம், தாங்கல், ஊருணி என்று முடியும் தெருப் பெயர்களைப் பட்டியலிட்டு, முதியவர்களிடம் விசாரித்து ஒரு படம் வரையுங்கள். அந்தப் படத்தைப் பள்ளிச் சுவரில் மாட்டுங்கள். ஊராட்சி அல்லது நகராட்சி உறுப்பினருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

இன்னும் இருபது ஆண்டுகளில் உங்களில் சிலர் பொறியாளராகவும் சிலர் அதிகாரியாகவும் சிலர் வார்டு உறுப்பினராகவும் இருப்பீர்கள். மற்றவர்கள் வீடு கட்டுவீர்கள், மனை வாங்குவீர்கள். அப்போது ஒரு வரைபடம் உங்கள் முன்னே விரிக்கப்படும். "இங்கே மழைத் தண்ணீர் எங்கே நிற்கும்?" என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.